நகர மறுத்த சீற்றும் நூல் சுற்றிய தேசிக்காயும்

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல் எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் வந்தது. அது பத்தொன்பது வயதில் வந்திருந்தால் என் அக்காவின் கலியாணம் ஒரு காரின் முன் சீற்றில் தொங்கிக்கொண்டு நின்றிருக்காது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். தெல்லிப்பழையில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரே கார், டொக்டர் வைத்திருந்த கறுப்புக் கார்தான். கடவுளுக்கு அடுத்தபடியாக நான் பயபக்தியோடு பார்த்தது அதைத்தான். (சில நாட்களில் வரிசை மாறியதும் உண்டு.) ஞாயிறு தோறும் வலியப் போய் அதைக் கழுவிக் கொடுப்பேன். அதனால் ஊரில் எனக்குக் கார் வேலை தெரிந்த பெடியன் என்று பெயர். நான் மறுக்கவில்லை.

அக்காவின் கலியாணத்துக்கு டொக்டர் காரைத் தந்ததோடு, தானே ஓட்டிவரவும் சம்மதித்தார். மாப்பிள்ளை அரியாலையில் கணக்கு வாத்தியார். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். ஆகவே அவரை அழைத்துவரும் பொறுப்பு என் தலையில். புறப்படும்போது அம்மா நூல் சுற்றிய எலுமிச்சங்காய் ஒன்றை, எங்கள் பேச்சில் தேசிக்காய், என் கையில் வைத்தார்.

"கார்ச் சில்லுக்குக் கீழை வைச்சு நசிச்சுப்போட்டுப் போ, மோனை. கண்ணூறு நாவூறு படாது."

டொக்டர் வேதக்காரர், கிறிஸ்தவர். காரோ அன்று காலைதான் நான் கழுவித் துடைத்தது. புளி தெறித்தால் என்ன நினைப்பாரோ என்று வெட்கமாக இருந்தது. அம்மா திரும்பியதும் தேசிக்காயை முன் சீற்றுக்கு அடியில் மெல்ல உருட்டிவிட்டேன். சாமிக்கும் குறையில்லை, காருக்கும் அழுக்கில்லை என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மூன்று மைல் போவதற்குள் மறந்தும் போனேன்.

அரியாலையில் இறங்கியதுதான் தாமதம், ஒருவர் ஓடிவந்து டொக்டரைக் கூப்பிட்டார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் பிரசவம், தாய்க்குக் கடுமை. "காரை நீங்கள் கொண்டுபோங்கோ, நான் பிறகு வாறன்" என்று டொக்டர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே கார் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் மாப்பிள்ளையின் மச்சான் செல்லத்துரை அண்ணை. லொறி ஓட்டுபவர், ஆறடி உயரம். டொக்டர் ஐந்தடிக்கும் குறைவு. சீற் ஸ்ரியரிங்கோடு ஒட்டி நின்றது. செல்லத்துரை அண்ணை ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் காலுக்கு இடமில்லை.

"சீற்றைப் பின்னுக்குத் தள்ளவேணும். ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றது ஒரு குரல். திடுக்கிட்டுப் பார்த்தால், அது என்னுடைய குரல்.

மணி பத்து. பன்னிரண்டுக்குள் தாலி ஏறவேண்டும். தவறினால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணிதான். அதுவரை பொறுக்க மாப்பிள்ளையின் பெரியதாய்க்கு மனம் வருமோ தெரியாது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் அக்காவுக்குத் தட்டிப்போயிருந்தன.

பட்டுச் சால்வையோடு குப்புறக் கிடந்து, சீற்றின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. (சால்வைக்குள் ஒளித்தேன்.) "கறள் பிடிச்சிருக்கு, எண்ணெய் விடவேணும்" என்று பெரிய மேதாவி போலச் சொன்னேன். கண்ணில் பட்ட எண்ணெய், நிறைகுடத்துக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கில்தான் இருந்தது. அதைச் சரித்து எண்ணெயை உள்ளங்கையில் ஏந்தினேன், திரி அணைந்தது.

"ஐயோ, விளக்கை நூத்துப்போட்டானே, அறுவான்!" பெரியதாயின் அலறல் காங்கேசன்துறைக் கப்பல்காரருக்கும் கேட்டிருக்கும்.

சீற் எண்ணெயைக் குடித்தது, நகரவில்லை. மணவறைக்கு உடுத்துக்கொண்டு காத்திருக்கும் அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அழுதேன். தலை சீற்றுக்கு அடியில் இருந்தபடியால் ஒருவரும் காணவில்லை.

"தம்பி, கொஞ்சம் விலகும்."

மாப்பிள்ளை! தலைப்பாகையும் மாலையுமாக நின்றார்.

"தலைப்பா கட்டின மாப்பிள்ளை குனியப்படாது!" என்று நாலு பேர் பாய்ந்து மறித்தார்கள்.

"நான் குனியேல்லை" என்றார். உண்மைதான். முதுகை நேராக வைத்துக்கொண்டு, மணவறையில் இருப்பவர் போலக் குந்தினார். தலைப்பாகை ஒரு நூல்கூடச் சரியவில்லை. கண் தெருவைப் பார்க்க, வலக்கை மாத்திரம் சீற்றுக்கு அடியில் போனது.

"தள்ள முன்னம் தடவிப் பாக்கவேணும், தம்பி."

கை ஓரிடத்தில் நின்றது. எதையோ பிடுங்கி எடுத்தது. எனக்கு மட்டும் தெரியும்படி விரித்த அவருடைய உள்ளங்கையில், அரைவாசி நசிந்த தேசிக்காய், நூலோடு! சீற் ஓடுகிற தண்டவாளத்துக்குள் செருகிக் கிடந்திருக்கிறது. எனக்குச் சீவன் போய்விட்டது. நாவூறு கழிக்கத் தந்த தேசிக்காயே கலியாணத்தை மறித்தது என்று பெரியதாய் அறிந்தால், அதைவிட வேறு அபசகுனம் வேண்டுமா?

அவர் என் அழுத முகத்தைப் பார்த்தார். தேசிக்காய் அவருடைய வேட்டி மடிக்குள் போனது.

"கல்லொண்டு கிடந்தது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு, கைப்பிடி போன இடத்தில் மிஞ்சியிருந்த கம்பியை இரண்டு விரலால் நெம்பினார். சீற் வழுக்கிக்கொண்டு பின்னுக்குப் போனது. நான் ஆவென்று வாயைத் திறந்தபடி நின்றேன். காரைப் பார்த்து வியந்த காலம் எனக்கு அந்த நிமிடத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு நான் வியந்து பார்த்ததெல்லாம் அத்தானைத்தான்.

பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்க, எங்கள் வாசலில் அவருடைய காலைக் கழுவினேன். வழக்கப்படி என் விரலில் மோதிரம் போட்டார். குத்துவிளக்கு எண்ணெயில் அது சறுக்கிக்கொண்டு ஏறியது. தேசிக்காய் மணத்தது.

முப்பது வருடத்துக்கு மேல் அத்தான் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. அவருடைய அறுபதாம் கலியாணத்தில், மனம் பொறுக்காமல் நானே சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒளித்த கைப்பிடி உட்பட. வீடு சிரிப்பில் அதிர்ந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"உது எனக்கு அப்பவே தெரியும். வேட்டி தோய்க்கேக்கை மடிக்குள்ளை கிடந்தது. அம்மா சுத்தின நூல் எனக்குத் தெரியாதோ?"

"பின்னை ஏன் அக்கா நீ சொல்லேல்லை?"

"அவர் எனக்கே சொல்லேல்லையே. என்ரை தம்பியை என்னட்டைக்கூடக் காட்டிக் குடுக்காத மனிசன் எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தேசிக்காயை ஊறுகாய்ச் சாடிக்குள்ளை போட்டன். எல்லாரையும் விட நீதான் கூடத் திண்டனி."

இப்போது நான் யாருடைய காரில் ஏறினாலும் மருமக்கள் சும்மா விடுவதில்லை. "மாமா, கீழை பாத்தனீங்களோ?" என்பார்கள். அவர்களுக்கு அது பகிடி. நான் உண்மையாகவே தடவிப் பார்த்துவிட்டுத்தான் சீற்றில் இருக்கிறேன்.