தாகோர்பாயின் முதல் காரி

மூன்று துண்டுகளை வயிற்றில் சுற்றிய பிறகும் தாகோர்பாய்க்குப் பழைய தொப்பை வரவில்லை.

“இன்னொன்னு குடு,” என்றார்.

“நாலாவதும் கட்டினா மூச்சு விட முடியாதுங்க,” என்றாள் மனைவி ஹன்சா. “போன வருஷ ஆள் மாதிரியே தெரியணுமா என்ன?”

“தெரியாம? ஜனங்க காரியைப் பாக்கவா வர்றாங்க? என் வயித்தைப் பாக்க வர்றாங்க!”

அதில் உண்மை இல்லாமலில்லை. சாந்தனி பட்வோ பண்டிகை அன்று சூரத் ஊரே காரி தின்னும். கோவாவையும் பிஸ்தாவையும் உள்ளே பொதிந்து, நெய்யில் பொரித்து, போதாதென்று உறைநெய்யிலும் முக்கி எடுத்த அந்த வெள்ளை இனிப்பு வட்டத்தைத் தின்னாதவனை ஊர்க்காரன் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. தாகோர்பாய் கடையில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலை ஒன்பது மணிக்கு முதலாளி வாசலில் பட்டு மெத்தை போட்டு உட்கார்ந்து, முதல் காரியை இரண்டே வாயில் விழுங்கிக் காட்டுவார். அப்புறம்தான் தராசு அசையும். கடைப் பலகையில் அவருடைய நூற்று நாற்பத்திரண்டு கிலோ படமும், அதன் கீழே ‘கலப்படம் இருந்தால் இப்படி வளருமா?’ என்ற கேள்வியும் இருந்தன.

மூன்று வாரத்துக்கு முன்னால் மும்பையில் ஒரு டாக்டர் அந்த வயிற்றின் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்.

ஊருக்குச் சொன்னது கண் ஆபரேஷன். அதற்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு நாள் சுவரில் வேறு முட்டிக்கொண்டார். டாக்டர் கொடுத்த காகிதத்தில் இப்போது கூழ் வாரம் நடந்துகொண்டிருந்தது. மசித்த பாசிப்பருப்பு, கட்டியில்லாத தயிர், வேகவைத்துக் குழைத்த பூசணி. ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன், அதையும் அரை மணி நேரம் சாப்பிட வேண்டும்.

“நெய்யும் சர்க்கரையும் உள்ள போச்சுன்னா வேர்த்துக் கொட்டும், படபடக்கும், விழுந்துடுவீங்க,” என்று டாக்டர் சொல்லியிருந்தார். “எங்க விழலாம்னு முன்னாடியே பாத்து வெச்சுக்குங்க.”

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் காரிக்கடை முதலாளியே உடம்பைக் குறைக்க வயிற்றை அறுத்துக்கொண்டார் என்று தெரிந்தால் அப்புறம் காரியை யார் வாங்குவார்கள்? எதிர்வரிசையில் ரமண்லால் வேறு கடை விரித்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே வழக்கம், அதே பட்டு மெத்தை. போன இரண்டு பட்வோவாக அவர் ஒன்றுக்கு இரண்டு காரி சாப்பிட்டு, தாகோர்பாயின் தூக்கத்தைக் கெடுத்திருந்தார்.

எட்டு மணிக்கே வரிசை தெருமுனை தாண்டியது. கல்லாவில் இருந்த பகுபாய் காதோடு ஒரு யோசனை சொன்னார். “பல்லு வலின்னு சொல்லிடுங்க, சேட். யாரும் வற்புறுத்த மாட்டாங்க.”

சொன்னார். பத்தே நிமிடத்தில் செய்தி எட்டி, ஹன்சாவின் தம்பி ஜிக்னேஷ் பெட்டியோடு வந்து இறங்கினான். பல் டாக்டர்.

“ஆ காட்டுங்க மாமா. எந்தப் பல்லு?”

“இது… இல்ல, இது.”

“ரெண்டும் கல்லு மாதிரி இருக்கே?”

“வலி ஊர்ந்துக்கிட்டே இருக்கு மச்சான்.”

“அப்ப ரெண்டையும் எடுத்துடுவோம்,” என்று குறடைக் கையிலெடுத்தான்.

“போயிடுச்சு!” என்று தாகோர்பாய் துள்ளி எழுந்தார். ஒரு துண்டு சற்றே கீழே இறங்கியது. “வலியே போயிடுச்சு. உன் கைராசி!”

“நான் இன்னும் தொடவே இல்லையே?”

வரிசையில் கைதட்டல் எழுந்தது. “சேட்டுக்குப் பல்லு சரியாயிடுச்சு! சீக்கிரம் சாப்பிடச் சொல்லுங்கப்பா, கால் கடுக்குது!”

வேறு வழியில்லாமல் தாகோர்பாய் கை கூப்பினார். “அன்பர்களே, எனக்கு ஒரு வேண்டுதல். இந்த வருஷம் நான் காரி தொடறதில்லை.”

“என்ன வேண்டுதல்?” என்றார் முன்னால் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார்.

“சொன்னா பலிக்காது.”

வாத்தியார் பின்னால் திரும்பி மெதுவாகத்தான் கேட்டார்: “போன மாசம் கெட்டுப்போன கோவா லாரி ஒண்ணைப் பிடிச்சாங்களே, அது யாருக்கு வந்த லாரி?”

வரிசையின் வால் வரைக்கும் போய்ச் சேருவதற்குள் அந்த லாரி தாகோர்பாயின் சொந்த லாரி ஆகிவிட்டது. பன்னிரண்டு பேர் கண்ணெதிரிலேயே தெருவைக் கடந்தார்கள். அங்கே பட்டு ஜிப்பாவுக்குள் மலை போன்ற தொப்பையோடு ரமண்லால் கண்ணை மூடி, ஒரு காரியைக் கடித்து, “ஆஹா!” என்றார். இந்தப் பக்கம் கேட்கும்படியாகவே சொன்னார்.

தாகோர்பாய் சமையற்கட்டுக்கு ஓடினார். “மகராஜ், பருப்புக் கூழ்ல ஒரு காரி புடிங்க. மேல கெட்டித் தயிர் பூசுங்க. நெய் மாதிரி தெரியணும்.”

சமையல்காரர் மகராஜ் கரண்டியைக் கீழே வைத்தார். “நாப்பது வருஷமா இந்தக் கையால காரி செய்யறேன், சேட். அதுக்கு இந்தக் கையை வெட்டிடுங்க.”

“எனக்கு வெட்டினது போதும், மகராஜ்!”

முதல் காரி சரிந்தது. இரண்டாவது உட்கார்ந்தது. மூன்றாவதைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்ததும் ஒருவாறு நின்றது. ஹன்சா அதைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி வந்தாள்.

“வேண்டுதலை மாத்திக்கிட்டேன்!” என்று அறிவித்துவிட்டு, தாகோர்பாய் மெத்தையில் அமர்ந்து ஒரு சின்ன ஸ்பூனை எடுத்தார்.

“என்ன பாய், ஸ்பூனா? மருந்தா சாப்பிடறீங்க?” என்றது கூட்டம்.

“இத்தனை வருஷம் விழுங்கினேன். இப்பத்தான் ருசிக்கக் கத்துக்கிட்டேன்.”

இதற்கும் கைதட்டினார்கள். ஆனால் இரண்டாவது ஸ்பூனுக்கும் மூன்றாவது ஸ்பூனுக்கும் நடுவே ஏழு நிமிடம் ஓடியது. வெயில் ஏறியது. காரியின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது.

“நெய்யி தண்ணி விடுமா?” என்று வாத்தியார் குனிந்து பார்த்தார்.

அப்போது கூட்டம் தானாக விலகியது. ரமண்லாலின் மனைவி தாராபென் தெருவைக் கடந்து, இடுப்பில் முந்தானையைச் செருகியபடி நேரே வந்து நின்றாள்.

“தாகோர்பாய், பட்வோ அதுவுமா உங்க தட்டுலேருந்து எனக்கு ஒரு வாய் குடுங்க. ஊரே பாக்கட்டும்.”

“உள்ளேருந்து புதுசு எடுத்துட்டு வரேன், அக்கா,” என்று ஹன்சா ஓடப் பார்த்தாள்.

“எனக்கு எதுக்கு புதுசு? அவர் தட்டுல இருக்கறது போதும்.”

பட்வோ அன்று தட்டிலிருந்து கேட்டவருக்கு இல்லை என்று சொன்னவனைச் சூரத் மன்னிக்காது. தாகோர்பாய் தட்டை நீட்டினார். சர்க்கரை ஒரு துளி உள்ளே போகாமலேயே வேர்த்துக் கொட்டியது. படபடத்தது. எங்கே விழலாம் என்று பின்னால் பார்த்துக்கொண்டார்.

தாராபென் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள். அவரையே உற்றுப் பார்த்தாள்.

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“எவன்டா அது, லாரி கீரின்னு வாய்க்கு வந்ததைச் சொன்னவன்? இந்தக் கையால இத்தனை வருஷம் காரி வித்தவ சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த மாதிரி ஒரு காரியை எங்க வீட்டுல தவிர வேற எங்கயும் நான் சாப்பிட்டதில்லை!”

வரிசை கல்லாமேல் பாய்ந்தது. எதிர்ப்பக்கம் போன பன்னிரண்டு பேரும் ஓடி வந்தார்கள். பகுபாய் இரண்டு தராசையும் இறக்கினார். வாத்தியார் இரண்டு கிலோ கேட்டார்.

தாகோர்பாய் தட்டைக் கீழே வைத்தார். “நீங்க… எதுக்கு இப்படி…” என்று திணறினார்.

தாராபென் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தாள்.

“பாசிப்பருப்பு வெயில் தாங்காது, பாய். சுரைக்காயை வேகவெச்சுப் பிழிஞ்சுட்டுப் புடிக்கச் சொல்லுங்க. மும்பையில ஆபரேஷன் பண்ணிட்டு வந்ததுலேருந்து, ரெண்டு வருஷமா எங்க வீட்டுக்காரருக்கு நான் அதுலதான் பண்றேன்.”