எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கொக்கி

மூன்றாம் முறையாக அந்தப் பெயர்ப்பலகையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தாராவிக்கு வந்திருந்தான் சிவதாஸ். ஸ்டிக்கர் கடை ராஜபாண்டி பிளேடைக் கீழே வைத்தான்.

"ஒத்தை எழுத்துக்கு எத்தனை தடவ செம்பூர்லேர்ந்து வருவிய அண்ணாச்சி? வீட்ல யாரும் ஏச மாட்டாகளா?"

சிவதாஸ் பலகையை எடுத்து நீட்டினான். வீட்டில் ஏச யாரும் இல்லை.

செம்பூர் ஃப்ளாட்டுக்கு வாடகைக்கு வந்து எட்டு மாதம். 'சிவதாஸின் வீடு' என்று ஆங்கிலத்தில் பலகை மாட்டிய மாலைதான் அழைப்புமணி முதன்முதலாக அடித்தது. எதிர்வீட்டு அனந்தகிருஷ்ணன், ஓய்வுபெற்றவர்.

"எஸ்ஸுல முடியற பேருக்குக் கொக்கி, அதான் அபாஸ்ட்ரஃபி, மட்டும் போறும். அதுக்கப்புறம் இன்னொரு எஸ் எதுக்கு? தப்பாக்கும்."

காபி குடித்துவிட்டுப் போனார்.

ராஜபாண்டி அந்த எஸ்ஸைச் சுரண்டியதில் கொக்கியும் கிழிந்தது. கொக்கி இல்லாதது அதைவிடப் பெரிய தப்பு என்று மறுநாள் வந்து சொன்னார். இரண்டு காபி. மறுபடி கடையில் கொக்கியை ஒட்டப்போனதில் பெயரின் கடைசி எழுத்தும் உரிந்து, சிவதாஸ் 'சிவதா' ஆனான். பெண் பெயர் என்று நினைத்து, மேடம் இல்லையா என்று கூரியர்க்காரர் இந்தியில் கேட்டார். வெளியே போயிருக்கிறாள் என்றான் சிவதாஸ். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். அன்று அனந்தகிருஷ்ணன் தோசை சாப்பிடும்வரை உட்கார்ந்து விளக்கினார்.

இந்த முறை ராஜபாண்டி புதிதாகவே வெட்டிக் கொடுத்தான். அனந்தகிருஷ்ணன் சொன்னபடியே, கொக்கி மட்டும்.

மாலையில் அவர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார். உள்ளே வராமல் திரும்பிப் போனார்.

மறுநாள் மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் மாலை சிவதாஸ் வாசலுக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நகத்தால் கொக்கியை உரித்தான். பிறகு இரண்டு பேருக்குப் பால் காய்ச்சினான். பால் ஆறி ஆடை படிந்தது. எட்டு மாதத்தில் முதன்முறையாக எதிர்வீட்டு மணியை அடித்தான்.

அவர் மகள் ஷ்யாமளா கதவைத் திறந்தாள்.

"போர்டு மறுபடி தப்பாயிடுச்சுங்க. சாரைக் கொஞ்சம் பாக்கச் சொல்றீங்களா?"

அவன் நகத்தில் ஒட்டியிருந்த கறுப்புக் கொக்கியை அவள் பார்த்தாள். உள்ளே யாரோ அவசரமாகச் செருப்புத் தேடும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா நாப்பது வருஷம் இங்கிலீஷ் அச்சாபீஸ்ல புரூஃப் பார்த்தவர். உங்க முதல் போர்டே சரின்னு அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டார். அதை உங்ககிட்ட சொல்லிட்டா, அப்புறம் என்னத்தைச் சொல்லிண்டு பெல் அடிக்கறதுன்னார்."