திலகவதி காலி செய்துகொண்டிருந்த வீடு

மேற்படிப்பு மாணவர்களுக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்குச் சாட்சியாக, ஜாசினுக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, புக்கிட் செராய் மேட்டில் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்து நின்றன. முகப்பில் வெள்ளைத் தூண்கள். தூண்கள் எதையும் தாங்கவில்லை. அந்த வருஷங்களில் மலாக்காவில் எந்தக் கட்டடம் கட்டினாலும் வாசலில் இரண்டு வெள்ளைத் தூண் வைப்பது மோஸ்தராக இருந்தது. பல் டாக்டர் கிளினிக்குக்குக்கூட வைத்தார்கள். 'செராய் ஹைட்ஸ் பட்டதாரி ரெசிடென்சி' என்று பொன்னெழுத்தில் ஒரு பலகையும் மாட்டியிருந்தது. ரெசிடென்சியில் அப்போது யாரும் ரெசிடென்டாக இல்லை.

அங்கே ஒரு வீடு கிடைத்தால் தேவலை என்று திலகவதி ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. அவள் அந்தப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். கணவன் ஹரிதாஸ் தொழிற்சாலை பஸ் ஓட்டினான். கல்யாணமானதிலிருந்து இருவரும் மலாக்கா டவுனில், ஹரிதாஸின் அண்ணன் வடிவேலுவின் மலிவு விலை ஃப்ளாட்டில், பிள்ளைகள் படுக்கும் அறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அண்ணி கமலவேணி வீட்டிலேயே துணி தைத்தாள். திலகவதி ஆய்வேடு எழுதுவதும் கமலவேணி மெஷின் ஓட்டுவதும் ஒரே மேசையில். ஆய்வேட்டின் தலைப்பு: 'அலுவலக நடைமுறைகளை எளிமையாக்குதல்.' அதில் ஓர் அத்தியாயம் முழுக்க எழுத்துகள் நடுங்கியிருந்தன. இன்னொரு அத்தியாயத்தைக் காணவில்லை.

"பேப்பர் நல்லா தடிமனா இருந்துச்சு திலகா," என்றாள் கமலவேணி. "கை அளவுக்கு வெட்டிட்டேன். ரவிக்கை ரொம்ப எடுப்பா வந்திருக்கு, பாரேன்."

வருஷக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். மறுநாளே திலகவதி ரெசிடென்சிக்கு விண்ணப்பம் போட்டாள்.

குடியிருப்புப் பிரிவின் துணை உதவி அதிகாரி சாமிக்கண்ணு, இடுப்பில் செங்கல் பருமனில் ஒரு ஹேண்ட்போனும், சட்டைப்பையில் 'தரமே எங்கள் மூச்சு' என்ற பேட்ஜுமாக உட்கார்ந்திருந்தார். நாட்டில் எல்லா அலுவலகங்களுக்கும் தரச் சான்றிதழ் ஜுரம் பிடித்திருந்த சமயம். அவர் விண்ணப்பத்தைப் படித்தார், திலகவதியின் அடையாள அட்டையான ஐசியைப் பார்த்தார், வரைபடத்தை விரித்து ஸ்கேலை வைத்தார்.

"பூஜ்யம்," என்றார்.

"என்ன சார் பூஜ்யம்?"

"உங்க வீட்டுக்கும் நம்ம ரெசிடென்சிக்கும் உள்ள தூரம். முப்பது கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கறவங்களுக்குத்தான் வீடு. உங்களுக்கு முப்பதும் குறையுது."

திலகவதி தன் ஐசியை வாங்கிப் பார்த்தாள். 'வீடு 14, இரண்டாம் டிவிஷன் லயம், புக்கிட் செராய் தோட்டம்.' தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் அவள் பிறந்த வீடு. தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, அந்த இடத்தில்தான் ரெசிடென்சி எழுந்திருந்தது. ஐசியில் விலாசம் மாற்ற வேண்டுமானால் இப்போது இருக்கும் வீட்டுக்காரர் கடிதம் தரவேண்டும். வடிவேலுவின் ஃப்ளாட்டிலோ இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு சட்டம். வடிவேலு நல்லவர்தான், சோறு போடுவார், கடிதம்தான் தர மாட்டார்.

"சார், அந்த லயத்தை இடிச்சுத்தானே இதையே கட்டினீங்க? எங்க பைப்படி இருந்த இடத்துலதான் சார் நீங்க இப்ப உட்கார்ந்திருக்கீங்க."

சாமிக்கண்ணு தன்னையறியாமல் காலைச் சற்றுத் தூக்கிக்கொண்டார். பிறகு சுதாரித்து, "இடிச்சதுக்குக் கடிதம் இருக்கா?" என்று கேட்டார்.

"இடிச்சது நீங்க. கடிதம் எங்கிட்ட எப்படி இருக்கும்?"

"நாங்க இல்லைம்மா. நிலப் பிரிவு. மாடியில இருக்காங்க, கேட்டுப் பாருங்களேன்லா."

நிலப் பிரிவில் இருந்த அம்மாள் மிகவும் மரியாதையானவர். திலகவதிக்கு நாற்காலி போட்டார், கோப்பைத் தூசி தட்டிக் காட்டினார். வாங்கிய ஒப்பந்தத்தில் 'காலி நிலம்' என்று எழுதியிருந்தது. காலி நிலத்தில் வீடு இருக்காது. இல்லாத வீட்டை இடிக்க முடியாது. இடிக்காத வீட்டுக்கு இடித்ததாகக் கடிதம் கொடுத்தால் தர நிர்ணயக் குழு சும்மா விடுமா என்று அவரே திலகவதியைக் கேட்டார்.

திலகவதி கீழே இறங்கி வந்து சொன்னாள். சாமிக்கண்ணு கண்ணை மூடி யோசித்தார்.

"அப்ப வீடு இடிபடலை."

"சார்..."

"இடிபடலைன்னா நிக்குது. நிக்குதுன்னா அதுல நீங்க இருக்கீங்க. ஐசி சொல்லுதே."

"இல்லாத வீடு எப்படி சார் நிக்கும்?"

"இல்லைங்கறது நிலப் பிரிவு பேச்சு. நம்ம பிரிவுல ஐசிதான் பேசும்." அவர் மறுபடி ஸ்கேலை வைத்தார். முகம் மாறியது. "உங்க வீடு சரியா பி பிளாக் தரைத்தளம், மூணாம் நம்பர்ல விழுது. ஏம்மா, அனுமதி இல்லாம எத்தனை காலமா அங்க குடியிருக்கீங்க?"

மறுவாரம் வெளியேறும்படி நோட்டீஸ் புறப்பட்டது. ஐசி விலாசத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே வாசல் காவலுக்கு இருந்த ஜாகா அதை எடுத்துப்போய் பி பிளாக்கில் பூட்டிக் கிடந்த மூன்றாம் நம்பர் கதவுக்கு அடியில் செருகிவிட்டு வந்தார். மரியாதைக்காக ஒரு நகல் திலகவதியின் கையில் கொடுக்கப்பட்டது.

"வீட்டுக்கே போகாதவளை வீட்டை விட்டுத் துரத்துறாங்களா?" என்று கமலவேணி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "படிச்சவங்க சமாச்சாரமே தனிதான்."

ஹரிதாஸுக்கு நடுக்கமாகிவிட்டது. "போலீஸ் கீலீஸ் வருமா? இல்லாத வீட்டை எப்படி திலகா காலி பண்றது?"

திலகவதி முதலில் அழுதாள். பிறகு நோட்டீசை இன்னொரு தரம் படித்தாள். நிர்வாகவியல் படித்தது வீண்போகவில்லை.

"ஏங்க, நாம காலி பண்ணிட்டா நமக்கு வீடே இல்லைன்னு ஆயிடும். வீடு இல்லாதவங்களுக்கு எங்கிருந்து தூரம் அளப்பாங்க?"

மறுநாள் காலையிலேயே போய், வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்றாள். சாமிக்கண்ணு எழுந்து நின்று கைகொடுத்தார். இவ்வளவு ஒத்துழைப்பை அவர் எதிர்பார்க்கவில்லை.

"சாவியைக் கொடுங்க."

"எங்கிட்ட ஏது சார் சாவி?"

"சாவியைத் திருப்பிக் கொடுக்காம காலி பண்ணினதா எப்படிம்மா எழுதறது?"

கடைசியில் சாமிக்கண்ணு அலமாரியைத் திறந்து, மூன்றாம் நம்பர் சாவியை எடுத்து, 'திருப்பித் தருவதற்காக மட்டும்' என்று ஓர் அட்டை கட்டி அவளிடம் கொடுத்தார். திலகவதி வாங்கி, அதே கையோடு அவரிடமே நீட்டினாள்.

"இருங்கம்மா. சாமான் எல்லாம் வெளியேறின பாஸ் எங்கே?"

"சாமானே இல்லையே சார்."

"சாமான் இல்லாம யாராச்சும் குடியிருப்பாங்களா? கணக்காய்வுல கேப்பாங்கல்ல. ஜாகாகிட்டப் போய் வெளியே போற பாஸ் வாங்கிட்டு வாங்க."

உள்ளே வந்த சாமானுக்குத்தான் வெளியே போகும் பாஸ் தரமுடியும் என்றார் ஜாகா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஹரிதாஸ் தொழிற்சாலை பஸ்ஸில் மெத்தை, அடுப்பு, அலமாரி, சோறாக்கும் மின்சாரப் பானை, மிஞ்சிய அத்தியாயங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஜாகா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு சலாம் வைத்தார். கமலவேணி ஒரு திரைச்சீலை தைத்துக் கொடுத்து, "பத்திரமா காலி பண்ணுங்க," என்று வாழ்த்தினாள்.

இனி வெளியேற வேண்டியதுதான் பாக்கி. அதற்குப் பரிசோதகர் வந்து, சுவர், விளக்கு, குழாய் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடவேண்டும்.

"பரிசோதகர் எப்ப வருவார் சார்?"

"அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் எடுக்கலைம்மா."

"எடுக்கற வரைக்கும்?"

"எடுக்கற வரைக்கும் நீங்க காலி பண்ணிக்கிட்டே இருக்கணும். நிறுத்திடக் கூடாது."

அப்படியாக அவர்கள் அங்கே வாழ ஆரம்பித்தார்கள். வெளியேறுபவரின் சாமான்கள் பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்று விதி. சோற்றுப் பானையை ஒரு பெட்டிக்குள் வைத்து, வயருக்கு ஓர் ஓட்டை போட்டார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதால் சாமிப்படம் நாற்காலியில் அமர்ந்திருந்தது. சாமிக்கண்ணு தவறாமல் வந்து பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் போகலையா?"

"போய்க்கிட்டே இருக்கோம் சார். உட்காருங்க, டீ போடறேன்."

"சீனி கம்மியா. உங்க வேலை கெட்டுடப் போகுது."

அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம் இல்லை. மேசை ஆடவில்லை. திலகவதியின் எழுத்து நேராக நின்றது. காணாமற்போன அத்தியாயத்தை மறுபடி எழுதினாள். முன்னைவிட நன்றாகவே வந்தது. ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்று வாங்கியபடி, வெளியேறுவது இவ்வளவு சுகமா என்று ஹரிதாஸ் ஒருநாள் கேட்டான்.

இதற்கிடையில் நிவேந்திரன் என்று ஒரு மாணவன் அவளைத் தேடி வந்தான். வடக்கே சுங்கை பட்டாணிக்காரன். தூரம் ஏராளம். விண்ணப்பத்தில் ஒரு குறை இல்லை. குறை இல்லாததால் அதில் யாருக்கும் செய்ய வேலை இருக்கவில்லை. அது சாமிக்கண்ணுவின் மேசையில் நிம்மதியாகத் தூங்கியது. பரிசோதகர் பார்க்காத வீட்டைப் புதிதாக யாருக்கும் கொடுக்க முடியாது என்பதால் மூன்று கட்டடமும் பூட்டியே கிடந்தன. அவன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் ஐந்து பேரோடு படுத்திருந்தான்.

"அக்கா, எனக்கு ஒரு வழி சொல்லுங்களேன்லா."

"நேராப் போய், நாலாம் நம்பர்ல அனுமதி இல்லாம இருக்கேன்னு ஒத்துக்க."

"பொய்தானே அக்கா?"

"நீ சொல்லு. அவங்க எழுதிக்கொடுத்துட்டா அப்புறம் பொய்யில்லை."

நிவேந்திரனுக்கும் நோட்டீஸ் வந்தது, சாவி வந்தது, சாமான் உள்ளே வந்தது. செய்தி பரவியது. வருஷக் கடைசிக்குள் பி பிளாக் நிரம்பி, ஏ பிளாக்கிலும் ஆட்கள் வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். மாலையில் பால்கனி தோறும் துணி காய்ந்தது. வாசல் தோறும் கட்டிய பெட்டிகள் தயாராக நின்றன. அத்துமீறிக் குடியிருந்தவர்கள் ஒருவர் விடாமல் வெளியேறச் சம்மதித்திருக்கிறார்கள் என்று குடியிருப்புப் பிரிவின் ஆண்டறிக்கை பெருமையோடு தெரிவித்தது. தரச் சான்றிதழ் கிடைத்தது. உம்பாய் கடற்கரைக் கடையில் சுட்ட மீனோடு விருந்து நடந்தது. சாமிக்கண்ணுவுக்குப் பதவி உயர்வு; தலைமையகத்துக்குப் போனார். போகும்போது திலகவதியின் கையைப் பிடித்து, "உங்களை மாதிரி வெளியேறினவங்க இன்னொருத்தர் கிடையாதும்மா," என்று கண் கலங்கினார்.

திலகவதி ஆய்வேட்டைக் கொடுத்தாள், தேறினாள். அதே சமயத்தில் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டு, சாமிக்கண்ணுவின் இடத்தையும் பரிசோதகர் பதவியையும் ஒன்றாக்கி விளம்பரம் செய்தது. நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"குடியிருப்பைக் காலி செய்வது பற்றி உங்களுக்கு அனுபவம் உண்டா?"

"இரண்டு தடவை சார். ஒரு தடவை ஒரே காலையில முடிஞ்சது. லாரி வந்து நின்னுது. இன்னொன்னு இன்னும் நடந்துக்கிட்டிருக்கு."

வேலை அவளுக்கே கிடைத்தது. ஹரிதாஸுக்குப் பழைய நடுக்கம் திரும்பிவிட்டது. "அப்ப நீயே வந்து கையெழுத்துப் போட்டு நம்மை அனுப்பிடுவியா?"

"முறைப்படி பார்த்தா அனுப்பணும்," என்றாள் திலகவதி, பேட்ஜைச் சரி செய்துகொண்டு. "வரிசைப்படிதான் வருவேன். முதல்ல சி பிளாக். அங்க யாருமே இல்லை, அதுக்கே நாளாகும்."

வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். இன்னும் ஒரே ஒரு விண்ணப்பம்கூடக் கையை விட்டு நழுவவில்லை. அப்படி ஒரு காலையில் மாயாண்டி வந்தார். லயத்தில் பதினைந்தாம் நம்பர் வீட்டுக்காரர். திலகவதியின் அப்பாவுக்கு முடியாமல் போன வருஷம் முழுக்க அவளைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனவர். தோட்டம் விற்றபிறகு செர்காம் பக்கம் ஒரு கொட்டகையில் இருந்தார். கூட அவருடைய மகள் மலர்விழி. அவளுக்கு இந்தப் பல்கலைக்கழகத்திலேயே முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது.

"மாமா!" திலகவதி உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். காப்பி வரவழைத்தாள். மலர்விழியின் மதிப்பெண்களைப் பார்த்து, தோட்டத்துப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

"இதுக்கு ஒரு வீடு வேணும் பாப்பா," என்றார் மாயாண்டி. "கொட்டகைல லைட்டு இல்லை, பாவம் படிக்க முடியலை. நம்ம லயம் இருந்த இடம்தானே. நீ வேற இங்க இருக்கே. அந்த நம்பிக்கைலதான் வந்தேன்."

திலகவதி வாயைத் திறந்தாள். 'எடுத்துக்குங்க மாமா' என்று சொல்லத்தான் திறந்தாள். வந்தது வேறு.

"அங்க லயம் இருந்ததுக்கு ஏதாச்சும் ஆதாரம் வச்சிருக்கீங்களா மாமா?"

விளையாடுகிறாள் என்று நினைத்து மாயாண்டி சிரித்தார். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஆதாரமா?" என்றார். "நீதான் பாப்பா இருக்கியே. அங்கதானே பொறந்தே."

திலகவதிக்கு முகம் சுட்டது. கோப்பைப் புரட்டினாள், மூடினாள். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

"சரி மாமா. அதையே ஒரு நகல் எடுத்து, அத்தாட்சிக் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுங்க."

மாயாண்டி ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். மலர்விழி படித்த பெண். தன் பையைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டு, "ஒரு நகல் போதுமான்னு கேளுங்கப்பா," என்றாள்.