நீலக் கனகாம்பரம்

அன்புள்ள ஆஃப்ஷீன் ஆபாவுக்கு, தங்கை மஹீன் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உங்கள் அப்பா, அதாவது என் சாச்சாவின் முழங்கால் வலியும் நலம். போனில் எனக்கு வாய் வராது என்பதால், வேலூர் வரும் என் அம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ரிப்பன். பே கோபுரத் தெருவில் நீலாம்பாள் அம்மாவின் பூக்கடைக்கு சாச்சாவின் போர்டுக் கடையிலிருந்து நாங்கள் மாட்டிய எல்இடி பலகையில், ஒரு பின்னல் படத்தின் நுனியில் நான் வைத்த சிவப்பு ரிப்பன் நீலமாக இருந்தது. அடுத்து கனகாம்பரம் வந்தது. அதுவும் நீலம்.

பலகையை ஓட்டும் டிரைவர் புரோகிராமை இந்த முறை நானே எழுதினேன் ஆபா, பத்தாவதைப் பாதியில் விட்டவளை நம்பி சாச்சா கொடுத்த முதல் வேலை, "இது நல்லா ஓடுச்சுன்னா இனிமே போர்டெல்லாம் உன்னுது, இல்லன்னா பழையபடி ஸ்டிக்கர் வெட்டு"ன்னு சொல்லித்தான் கொடுத்தார், நானும் ஒவ்வொரு புள்ளிக்கும் பதினாறு இடம் ஒதுக்கி, முதல் ஐந்து சிவப்புக்கு, நடு ஆறு பச்சைக்கு, கடைசி ஐந்து நீலத்துக்கு என்று ஒழுங்காகத்தான் அனுப்பினேன், மாட்டுவதற்கு முன் நம் கடையில் மல்லிகைப் படமும் மருக்கொழுந்துப் படமும் ஓடவிட்டுப் பார்த்தேன், மல்லி வெள்ளையாக, மருக்கொழுந்து பச்சையாக, வாசனை மட்டும்தான் வரவில்லை.

மாட்டிய அரை மணியில் நீலாம்பாள் அம்மா, "இன்னாம்மா, என் கனகாம்பரத்துக்கு வெஷம் கிஷம் குடுத்துட்டியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் எழிலரசி டீச்சர் வந்து, "அந்த நீலக் கனகாம்பரம் ரெண்டு முழம்" என்று கேட்டார். இல்லை என்றதும், "போர்டுல இருக்குது, கடையில இல்லியா? பெரிய எடத்துக்குன்னு உள்ளாற எடுத்து வெச்சிட்டியா?" என்றார். "எனக்கே இல்லாததை எங்கம்மா ஒளிச்சு வெப்பேன்?" என்று நீலாம்பாள் அம்மா கத்த, சண்டை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சும்மா நிற்க வெட்கப்பட்டு ஆளுக்கு ஒரு முழம் வாங்க, பத்து மணிக்கெல்லாம் கனகாம்பரக் கூடை காலி.

பலகைக்குத்தான் ஏதோ கண் கோளாறு ஆபா. என் மேல் தப்பில்லை என்று நீங்களே சாச்சாவிடம் சொல்லுங்கள். மச்சானுக்கு சலாம். பாப்பா சமீருக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், அவன் உமிழாத நேரமாகப் பார்த்து.

அன்புத் தங்கை
மஹீன்

பின்குறிப்பு: பலகைக்குக் கண் கோளாறு என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். பலகை வந்த பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது, இப்போதுதான் படித்தேன். இந்தப் பலகைக்கு நீலம்தான் முதலில் வரவேண்டுமாம், சிவப்பு கடைசியில். மருக்கொழுந்தின் பச்சை நடுவில் இருப்பதால், இரண்டு ஓரமும் இடம் மாறியது அதில் தெரியவில்லை. மல்லியின் வெள்ளையில் மூன்றும் நிறைய இருப்பதால் அதிலும் தெரியவில்லை. நான் கடையில் ஓட்டிப் பார்த்ததும் அந்த இரண்டைத்தான்.

சாச்சாவிடம் நானே போய், "தப்பு என்னுது, சாச்சா" என்றேன். அவர், "ஏணி வெளியில கெடக்குது" என்றார்.

நீலாம்பாள் அம்மா விடவில்லை. "பௌர்ணமி வரைக்கும் நீலமாவே ஓடட்டும்மா, கூட்டம் ஜாஸ்தியா வருது."

"மாட்டேங்க" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. பிறகு ஏணியில் ஏறி, ஒயரைச் செருகி, கனகாம்பரத்தைக் கனகாம்பர நிறத்துக்கு மாற்றினேன்.