மரக்கால் நெல்லில் நின்ற மைக்

"டும் டும்னு கேட்டது என் காலுச் சத்தம்னு எவன்வே சொன்னான்?" வாசகசாலைத் தலைவர் தாணுலிங்கம் பிள்ளை மேஜையில் ஒரு குத்து விட்டார்.

"நான்தான் சொன்னேன்" என்றார் நாகர்கோவிலிலிருந்து மைக்செட் கொண்டுவரும் சுந்தர்சிங். "தமிழன்னு சொல்லும்போதெல்லாம் பலகையில ஓங்கி மிதிக்கீங்க. பலகை கம்பியை உலுக்குது, கம்பி மைக்கை உலுக்குது. ஊருக்கு டும்முதான் கேக்குது. தமிழனைக் காணல்ல."

"அப்போ மைக்கை மாத்தும்!"

"காலை மாத்தினாப் போதும், அண்ணாச்சி."

செயலாளர் வள்ளிநாயகம் பதறி நடுவில் விழுந்தான். "மாமா, சும்மா இரிங்க. காலு அது பாட்டுக்கு மிதிக்கட்டும். கம்பியைச் சரிபண்ணிருவோம்."

உலகில் எல்லைகளைப் போர்கள் தீர்மானிப்பதாக விவரமில்லாதவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1955-இல் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியை உதறித் தாய்த் தமிழகத்தோடு சேருமா என்கிற மாபெரும் கேள்வி, செண்பகக்குளம் வாசகசாலையின் நாலடி இரும்புக் கம்பி ஒன்றின்மேல்தான் நின்றது. வள்ளிநாயகத்துக்கு அதே கம்பியின்மேல் இன்னொன்றும் நின்றது. தலைவர் அவனுக்குத் தாய்மாமன். அவர் மகள் உலகம்மை அவனுக்கு முறைப்பெண். "ஆண்டுவிழாவுல என் பேச்சு ஒரு டும் இல்லாமக் கேக்கட்டும். பொண்ணு விஷயம் பொறவு பேசலாம், மருமகனே" என்று சொல்லியிருந்தார். மூன்று வருஷமாக அந்தப் 'பொறவு' வந்துகொண்டே இருந்தது.

"இன்னொண்ணு" என்றார் தலைவர். "கம்பி கண்ணுல படப்பிடாது. போன வருஷம் போட்டோவுல எனக்கு மூக்குக்குப் பதிலா மைக்குதான் இருந்து."

உடனே 'அதிர்வு ஒழிப்பு உபகுழு' அமைந்தது. குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட் வந்தது. நாலாக மடித்துக் கம்பிக்கு அடியில் வைத்தார்கள். நாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும், தலைவர் மிதிக்க மிதிக்க மைக் தலையை ஆட்டியது. "மரியாதை தெரிஞ்ச மைக்கு" என்று உபகுழு உருகிப்போனது. ஆனால் டும் போகவில்லை. பிறகு கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார்கள். காற்றுக்கு மைக் இடமும் வலமும் போக, தலைவரும் வாயை நீட்டிக்கொண்டு கூடவே போய்வந்தார்.

காப்பி கொண்டுவந்த தலைவர் மனைவி பகவதியம்மாள் கேட்டாள்: "ஏம்ப்பா, இவுகளைக் காலை அடக்கிட்டுப் பேசச் சொன்னா என்ன?"

'பொருளுக்குப் புறம்பான பேச்சு' என்று வள்ளிநாயகம் குறிப்பேட்டில் எழுதினான்.

வழி கடைசியில் மேடை மேஜையிலேயே இருந்தது. நம் ஊர் விசேஷங்களில் மரக்கால் நிறைய நெல் வைத்து நடுவில் தென்னம்பாளை செருகுவது வழக்கம். வள்ளிநாயகம் கம்பியை ஒன்றரை அடிக்கு அறுத்து அந்த நெல்லுக்குள் நட்டான். மைக்கைச் சுற்றிப் பூவிரிந்த பாளையைச் செருகினான். சுந்தர்சிங் பலகையில் ஏறிக் குதித்துப் பார்த்தார். ஒரு டும் இல்லை.

"நெல்லு எல்லாத்தையும் முழுங்கிட்டு மக்கா! மைக்கு இருக்கதே தெரியல்ல."

சித்திரையில் ஆண்டுவிழா. தலைவர் முழங்கினார், மிதித்தார். "திருவனந்தபுரத்தோட நமக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!" வயல் தாண்டி அடுத்த ஊர்வரைக்கும் பளிங்கு மாதிரிக் கேட்டது. கைதட்டல் ஓய்ந்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்து, சோடாவை வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த பொருளாளர் நாராயணபெருமாள் காதோடு குனிந்தார். கண்ணெதிரே கம்பி இல்லை. தென்னம்பூதான் இருந்தது.

"கேட்டேரா, எப்படித் தட்டுகானுவ! எல்லை எங்கயும் போட்டும் வே. நமக்குத் திருவனந்தபுரம்தான். உலகம்மைக்கு அங்க செக்ரட்டேரியட்டுல மாப்பிள்ளை முடிச்சாச்சு. நம்ம வள்ளிநாயகமா? அவன் மைக்குக் கம்பியைப் பிடிச்சிட்டுக் கெடக்கட்டும்."

அதுவும் பளிங்கு மாதிரிக் கேட்டது.

மறுநாள் உலகம்மை வாசகசாலை வாசலுக்கே வந்துவிட்டாள். "அத்தான், கேட்டியளா?"

"கேட்டேன்."

"பொறவு?"

வள்ளிநாயகம் பேனாவைத் திறந்தான். "அவசரக் கூட்டம் இருக்கு, உலகம்மை. மாமா பேரைக் காப்பாத்தித் தீர்மானம் ஒண்ணு எழுதிட்டா, அவரு மனசு மாறும். எழுதிட்டு வாரேன்."

அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள். "நல்லா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் நன்றாகத்தான் எழுதினான். 'மேற்படி விழாவில் தலைவர் கூறியதாகக் கேட்டது, மைக்கின் அளவு மீறிய தெளிவால் நேர்ந்த கோளாறே என இக்குழு ஒருமனதாகக் காண்கிறது. இனி மைக்குக்கு நெல் வைக்கலாகாது.' சுந்தர்சிங்கை மட்டும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை.

ஆவணியில் உலகம்மைக்குக் கல்யாணம். திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டாள். தையில் வள்ளிநாயகம் பூதப்பாண்டியில் முத்துக்கனியைக் கட்டினான். அந்த 1956 நவம்பரில் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்தது. மார்கழியில் தலைவர் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துத் திருவனந்தபுரத்துக்குக் குடிபோனார்.

வழியனுப்புக் கூட்டத்தில் தீர்மானப்படி நெல் இல்லை. வெறும் பலகையில் புதுக் கம்பி நின்றது. தலைவர் ஏதோ சொல்லி ஓங்கி மிதித்தார். டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மிதித்தார். டும். முன்வரிசையில் முத்துக்கனியோடு உட்கார்ந்திருந்த வள்ளிநாயகம்தான் முதலில் கைதட்டினான். அப்புறம் ஊரே எழுந்து நின்று தட்டியது. நெல்லில் நின்ற மைக்கில் அன்றைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டவர்கள்தான் அத்தனை பேரும்.