சந்தோஷ மண்டோர்

தோட்டத்து மண்டோரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வராதவனுக்கு வசவும் வந்தவனுக்கு வேலையும் கொடுப்பவர். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் பாதி காலியாகிவிட்ட இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பக்கத்தில் அந்த இனம் அருகிவிட்டது. கவலை வேண்டாம். அதன் இடத்தில் இன்னொன்று தோன்றிவிட்டது: சந்தோஷ மண்டோர். இவர் பெரட்டு எடுப்பது ஆள்களுக்கு அல்ல, அவர்கள் முகத்துச் சிரிப்புக்கு.

கிறிஸ்துவை நம்பி, வாழ்க்கைக்கு ஒரு பொருளும் மனத்துக்கு ஒரு மகிழ்ச்சியும் கண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எனக்கு வம்பில்லை. அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். சந்தோஷ மண்டோர் அப்படியா இருப்பார்? தம் மகிழ்ச்சியை எதிரில் வருகிறவர் தலையில் ஊற்றி, நனைந்தாரா என்று தொட்டும் பார்ப்பார். கைகுலுக்கும்போதே விசாரணை தொடங்கிவிடும். "என்ன பிரதர், மொகம் வாடியிருக்கு? விசுவாசத்துல எங்கயோ ஓட்டை லா!" வேலை அனுமதி நீளுமா நீளாதா என்று மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கும் என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரனையும் விடமாட்டார். பல்வலிக்காரரிடம் ஸ்தோத்திரம் கேட்பார். சாவு வீட்டில் அழுகிறவர்களின் தோளைத் தட்டி, "பரலோகத்துல விருந்து நடக்குது, இங்க என்ன அழுகை?" என்பார். அந்த விருந்துக்குத் தமக்கு இன்னும் அழைப்பு வராததில் மட்டும் அவருக்கு வருத்தமே கிடையாது.

பெடாஸில் எங்கள் சிறு சபையின் மண்டோர் சத்தியசீலன். சிரம்பானில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். தினமும் காலையில், ஏழு பேர் உட்காரும் காரில் தாமும் தம் கித்தாருமாகப் போகிறவர். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். அங்கே சட்டம் இரண்டு. முதலில் சாட்சி, அதாவது கடவுள் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும், விண்ணப்பமெல்லாம் பிறகுதான். அந்தப் பிறகு வருவதற்குள் சாப்பிட மீகூன் சேமியா வந்துவிடும். இரண்டாவது, எதையும் கிடைக்கும் என்று சொல்லக் கூடாது. கிடைத்துவிட்டது என்றே சொல்லி நன்றி செலுத்த வேண்டும்.

எங்கள் சபையில், தோட்டத்து லயத்தில் தனியாக இருக்கும் பஞ்சாலை என்ற அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சிரம்பானுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர். இதுவரை வேனில் ஏற்றிப்போன பக்கத்து வீட்டு மாயாண்டி, மாதக் கடைசியில் ஜொகூருக்குக் குடிபோகிறார். இதைச் சொல்லத்தான் பஞ்சாலை வெள்ளிதோறும் வாயைத் திறந்தார்.

"பிரதர், மாசக் கடைசிக்கு அப்பறம் ரத்தம் கழுவப் போக வண்டி..."

"சிஸ்டர், அது விண்ணப்பம். சாட்சி இருந்தா சொல்லுங்க."

"சாட்சி சொல்ல உசுரு இருக்கணுமே பிரதர்."

"பாத்தீங்களா, மறுபடி அவிசுவாசம்! சிரிங்க. சிரிச்சிக்கிட்டே ஸ்தோத்திரம்!"

மாதத்தின் கடைசி வெள்ளியன்று பஞ்சாலை சிரித்தார். எழுந்தும் நின்றார்.

"சாட்சி சொல்றேன். எனக்கு வண்டி கெடச்சிருச்சு. வர்ற செவ்வா காலைல ஆறு மணிக்கு நம்ம சத்தியசீலன் பிரதர் லயத்து வாசல்ல வந்து நின்னு, என்னை முன்சீட்டுல ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. ஸ்தோத்திரம்!"

கூடமே அல்லேலூயா என்று அதிர்ந்தது. மண்டோர் மனைவியின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது. சத்தியசீலன் என்ன செய்வார்? விண்ணப்பம் என்று தள்ள முடியாது. நடக்கவில்லையே என்று மறுக்கவும் முடியாது. இரண்டும் அவர் போட்ட சட்டம். கைதட்டினார்.

செவ்வாய்க்கிழமை போனார். வியாழக்கிழமை போகவில்லை. அன்று பஞ்சாலை பெரிய சாலை வரைக்கும் நடந்து, பஸ் பிடித்து, சிகிச்சை மையத்து வாசலில் மயங்கி விழுந்தார்.

மறுநாள் கூட்டத்தில் முதல் சாட்சி மண்டோருடையது. ஏழைச் சகோதரி ஒருத்திக்காகக் கடவுள் தம் உள்ளத்தில் பேசியதையும், அந்தக் கணமே தாம் கீழ்ப்படிந்ததையும், வழியெல்லாம் நெஞ்சில் பொங்கிய ஆனந்தத்தையும், வாழ்க்கையின் பொருளே செவ்வாய்க்கிழமை காலையில்தான் பிடிபட்டதையும் கால் மணி நேரம் கண்ணீரோடு சொன்னார். "அந்தச் சந்தோசத்துக்கு அளவே இல்ல லா!"

கையில் ஊசிக் கட்டோடு பஞ்சாலை எழுந்தார்.

"பிரதரு சொன்னது சத்தியம். அளவே இல்லாத அந்தச் சந்தோசம் நாளைக்குச் சனிக்கெழமையும் அவருக்குக் கெடச்சிருச்சு. இனிமே வர்ற அத்தனை செவ்வாக்கும் வியாழனுக்கும் சனிக்கும் கெடச்சிருச்சு. ஸ்தோத்திரம்!"

அல்லேலூயாவில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. இப்போது வாரம் மூன்று காலை கார் லயத்து வாசலில் நிற்கிறது. முன்சீட்டில் பஞ்சாலை வாய்விட்டுப் பாடிக்கொண்டு போகிறார். அந்த முகத்தில் இருக்கும் மகிழ்ச்சிக்கு யாரும் பெரட்டு எடுக்கத் தேவையில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இப்படி ஒருவரை எனக்கும் தெரியும் என்று, இதை யாருக்கோ அனுப்பக் கைபேசியை எடுத்தும்விட்டீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் போன வாரம் ஒருவர் உங்களிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, "கவலப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைத்தீர்களே, அவர் சொல்ல வந்தது என்ன?