பின்பம்பரில் ஓர் எச்சரிக்கை

கோபமாக இருக்கும்போது நான் எந்த வேலையையும் தொடக் கூடாது. இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். பேனாவால் பம்பரில் ஓட்டை விழாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. ஆமத்தூரில் ஒரு மினி லாரி வைத்து, எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் ரிவர்ஸ் எடுத்ததில், தீயணைக்க வரிசையாகத் தொங்கவிட்டிருந்த மணல் வாளிகளை ஸ்டாண்டோடு சாய்த்துவிட்டேன். (பட்டாசுக் கம்பெனியில் இதைச் சாய்ப்பவனும் பீடி பற்றவைப்பவனும் ஒன்றுதான்.)

"பின்னாடி லைட்டு மாட்டிட்டு திங்கக்கெளமை வாங்க. இல்லேன்னா சீசன் லோடு வேற வண்டிக்கு" என்றார் மேனேஜர். சீசன் லோடு போனால் எனக்கு அந்த வருடமே போன மாதிரி.

பம்பருக்குள் பதிந்து உட்காரும் வட்ட லைட்டு இரண்டு வாங்கினேன். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் எங்காவது இடித்து உடைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

"விருதுநகர்ல தம்பி கடைக்குப் போங்க. அரைமணி நேர வேலை" என்றாள் என் மனைவி ராஜேஸ்வரி.

அவள் தம்பி கண்ணன் வண்டி எலெக்ட்ரீஷியன். போன மாதம்தான் ஒரு காதுகுத்துப் பந்தியில், அத்தனை சொந்தக்காரர் முன்னால், "அத்தான் கையில ஸ்பேனரைக் குடுக்கிறதுக்கு, வண்டியை நேரா பழைய இரும்புக் கடையில விட்டுரலாம்" என்று சொன்னவன். அவன் கடைப் படியை நான் மிதிப்பதா?

ஞாயிற்றுக்கிழமை காலை, லைட்டைப் பம்பர் மேல் கவிழ்த்து வைத்து, மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டேன். டிரில்லால் துளை துளையாகப் போட்டு, அரத்தால் ராவி, மத்தியானத்துக்குள் இரண்டு அழகான வட்டங்களை வெட்டி எடுத்தேன். லைட்டை வைத்தேன். உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. பின்பக்கமாகத் தரையில் விழுந்தது.

லைட்டின் விளிம்பு வெளியே நின்று தாங்க வேண்டும். ஓட்டை அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். மடையன் நான், விளிம்பையும் சேர்த்தல்லவா வெட்டிவைத்தேன். ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டாவது அடுத்ததை வெட்டியிருக்கலாம்.

அரத்தைத் தூக்கி வீசினேன். அது கோழிக்கூட்டின் கூரையில் டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் யோசனை வந்தது. கூரை, அச்சாபீசில் கழித்துப் போட்ட அலுமினிய பிளேட். (எங்கள் பக்கம் எந்த ஓட்டையை மறைக்கவும் அதுதான்.) அதைப் பிய்த்து, இந்த முறை சரியாக அளந்து துளையிட்டு, பம்பர் மேல் ரிவெட் அடித்து, லைட்டுகளை மாட்டிவிட்டேன். ஒரு பக்கம் கோழி எச்சம், எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. ஆகவே அச்சுப் பக்கத்தை வெளியே வைத்தேன். ஏதோ பட்டாசுப் பெட்டியின் லேபிள்.

"எழுத்து தெரியுதுங்க" என்றாள் ராஜேஸ்வரி.

"பம்பரை எவன் படிக்கப் போறான்?" என்று கத்தினேன்.

திங்கட்கிழமை கம்பெனி வாட்ச்மேன் படித்தார். எழுத்துக் கூட்டி, சத்தமாக: "பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தவும்."

லோடுமேன்கள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். ரிவர்ஸ் போட்டதும் இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன. ஒரு வாளியைக்கூடத் தொடாமல் நிறுத்தினேன். மேனேஜர் பம்பரை நிதானமாகப் பார்த்தார்.

"லோடு ஏத்திக்கோங்க. ஆமா, மேற்பார்வைக்குப் பெரியவக யாரு வந்திருக்காக?"

லோடு கிடைத்தது. மானம் போனது. யாரோ எடுத்த போட்டோ சாயங்காலத்துக்குள் கண்ணனுக்கும் போய்விட்டது. மறுநாள் அவனே ஆமத்தூருக்கு வந்து, புதுப் பம்பர் போட்டு, அரைமணி நேரத்தில் லைட்டு மாட்டினான். ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அந்த பிளேட்டை மட்டும் கேட்டு வாங்கிப்போனான். இன்றும் அவன் கடையில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவைத்திருக்கிறான். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் வீட்டில், உயரத்தில் இருக்கிற ஸ்விட்ச் போர்டில் ஃபேன் ரெகுலேட்டரை மாற்ற ஸ்டூலில் ஏறினேன். என் ஆறு வயது மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குடி இங்கன?"

"அம்மா அடுப்படியில இருக்காக. அதான் மேற்பார்வைக்கு நான் வந்தேன். மெயினை ஆஃப் பண்ணிட்டீகளா?"

பண்ணியிருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போய் ஆஃப் பண்ணினேன்.